ஒன்பது நிமிஷத்து மருந்து

திருகோணமலை நகரத்திலிருந்து நிலாவெளி வீதி வழியே வடக்கு நோக்கிப் பிரயாணம் செய்பவர்கள், உப்புவெளியையும், இரண்டாவது உலக மகாயுத்தத்தில் உயிர் நீத்த போர்வீரர்கள் வரிசை வரிசையாக அடக்கம் செய்யப்பட்டிருக்கும் அங்குள்ள மயானத்தையும் கடந்து, களப்பும் கடலும் அருகருகே கிடக்கும் சாம்பல்தீவை வந்தடைவார்கள். அந்தக் கிராமத்திலே, நாற்பது வயதை எட்டிய ஒரு குடும்பத் தலைவி, விடியற்புறத்தில் கிணற்றடியில் வாளியைத் தூக்குவதற்காகக் குனிந்து நிமிர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நிமிர்ந்த அதே கணத்தில், முன்னறிவிப்பு ஏதுமின்றி, அவளுடைய இருதயம் நிமிஷத்துக்கு எழுபது என்ற தன் நிதானத்தைக் கைவிட்டு, நூற்றெண்பது என்ற அதிவேகத்தில் அடிக்கத் தொடங்குகிறது. "பிள்ளை, நெஞ்சு பக்குப் பக்கெண்டு அடிக்குது, என்னெண்டு தெரியேல்ல" என்று மகளிடம் சொல்லிக்கொண்டே அவள் திண்ணையில் உட்காருகிறாள். "எதையோ கண்டு பயந்திட்டாள், திருநீறு போட்டுப் பார்வை பாக்கச் சொல்லுங்கோ" என்கிறாள் அடுத்த வீட்டு ஆச்சி. திருநீறு போடுவதை நான் குறை சொல்ல வரவில்லை. மனத்துக்கு அது ஆறுதல் தரும். ஆனால் திருநீறு போட்ட கையோடு, 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அறிவித்து, கட்டணம் வாங்காத அந்த அம்புலன்ஸ் வண்டியை அழைப்பதும் அவசியம் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அந்தப் பெண்மணியின் நெஞ்சுக்குள்ளே நடந்தது என்ன என்பதை அறிய வேண்டுமானால், இருதயத்துக்குள் மின்சாரம் ஓடும் பாதையைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். இருதயத்தின் வலப்பக்க மேலறையிலே, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. அதை 1907ஆம் ஆண்டில் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்னும் இரு பிரித்தானிய விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். அங்கே பிறக்கும் மின்துடிப்பு மேலறைகள் முழுவதும் பரவி, நடுவிலுள்ள இன்னொரு முடிச்சில் ஒரு வினாடியின் சிறு பகுதி தாமதித்து, அதன் பிறகே கீழறைகளுக்கு இறங்கி, இரத்தத்தைச் சரீரமெங்கும் செலுத்துகிறது. இந்த இரண்டாவது முடிச்சை அதற்கு ஓராண்டு முன்னதாக, 1906இல், ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சுனாவோ தவாரா என்னும் ஜப்பானியர் விவரித்திருந்தார். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நடு முடிச்சில் மின்துடிப்பு போவதற்கு ஒன்றுக்கு இரண்டாகப் பாதைகள் அமைந்திருக்கும். ஒன்று வேகமானது, மற்றது மந்தமானது. ஆண்டுக்கணக்காக அந்த இரட்டைப் பாதையால் ஒரு தொல்லையும் இராது. ஏதோ ஒரு நாள், இடம் தவறிப் பிறந்த ஒரு துடிப்பு, மந்தமான பாதையால் இறங்கி, வேகமான பாதையால் மேலே திரும்பி, மறுபடியும் இறங்கி, இவ்வாறு முடிவின்றிச் சுற்றத் தொடங்கிவிட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் இருதயம் ஒரு முறை அடித்தே தீர வேண்டியதாகிறது.

இந்த நோய்க்குச் சில அடையாளங்கள் உண்டு. திடீரெனத் தொடங்கி, திடீரென நிற்கும். நாடி மிக வேகமாயினும் ஒழுங்காகவே இருக்கும். கழுத்தின் இரு பக்கமும் குபுகுபுவென்று துடிப்பது அருகில் நிற்பவர்க்கும் தெரியும். ஓய்ந்த பிறகு நோயாளி ஏராளமாகச் சிறுநீர் கழிப்பதும் உண்டு. வைத்தியரிடம் இவற்றைச் சொன்னால், அவர் பாதி நோயை அங்கேயே நிச்சயித்துவிடுவார். மீதிப் பாதிக்கு ஈ.சி.ஜி. காகிதம் வேண்டும்.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவானாலும் சரி, உலகின் வேறெந்தப் பெரிய ஆஸ்பத்திரியானாலும் சரி, இத்தகைய நோயாளிக்குச் செய்யப்படும் முதற் காரியம் மருந்தே இல்லாத ஒன்று. இரத்த அழுத்தம் விழாமல், நினைவு தப்பாமல் நோயாளி இருக்கும் பட்சத்தில், அவரைப் பாதி சாய்ந்த நிலையில் இருத்தி, பத்து மில்லிலீட்டர் சிரிஞ்ச் ஒன்றைக் கையில் கொடுத்து, அதன் உள்தண்டு நகரும் அளவுக்குப் பதினைந்து வினாடி ஊதச் சொல்லுகிறார்கள். ஊதி முடித்த உடனே கட்டிலை மட்டமாக்கி, இரு கால்களையும் உயர்த்திப் பிடிக்கிறார்கள். இங்கிலாந்தில் நானூறுக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து 2015ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், கால்களை உயர்த்தாமல் ஊத மட்டும் செய்தவர்களில் நூற்றுக்குப் பதினேழு பேருக்கே இருதயம் நிதானத்துக்குத் திரும்பியது. கால்களையும் உயர்த்தியவர்களிலோ நூற்றுக்கு நாற்பத்துமூன்று பேருக்குத் திரும்பியது. செலவு ஒரு சிரிஞ்ச். ஏழை நாடுகளுக்கு இதைவிட உவப்பான விஞ்ஞானச் செய்தி இருக்க முடியுமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அதற்கும் இணங்காத இருதயத்துக்கு அடினோசின் என்னும் ஊசி மருந்து போடப்படும். இரத்தத்தில் அதன் ஆயுள் பத்து வினாடிக்கும் குறைவாதலால், அதைக் கையிலுள்ள பெரிய நாளத்தில் ஒரே வேகத்தில் செலுத்தி, உடனே உப்பு நீரையும் பின்னாலேயே தள்ளுகிறார்கள். அந்தச் சில வினாடிகள் நோயாளிக்கு மிகவும் பயங்கரமானவை. நெஞ்சை ஏதோ அழுத்துவது போன்றும், உயிரே பிரிவது போன்றும் அவர் உணருவார். மொனிட்டர்த் திரையில் துடிப்புக் கோடு சிறிது நேரம் படுத்துக் கிடந்து, பிறகு ஒவ்வொன்றாக எழும்பும். தேயிலை விளையும் நமது தேசத்தவர் அறிய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: தேநீரிலும் கோப்பியிலும் இருக்கும் கஃபீன் என்னும் பொருள் அடினோசினுக்கு விரோதி, ஊசிக்குச் சற்று முன்பு கடுந்தேநீர் குடித்துவிட்டு வந்தவர்களிடம் அந்த மருந்து பலிக்காமற் போவதுண்டு. ஆகவே, வைத்தியர் "கடைசியாக எப்போது தேத்தண்ணி குடிச்சனீங்கள்?" என்று கேட்டால், அது வீண்பேச்சு என்று எண்ணிவிடலாகாது.

சிரிஞ்ச் ஊதியும் நிற்கவில்லை, அடினோசினுக்கும் மசியவில்லை, அல்லது ஒரு கணம் நின்று மறுகணமே பழையபடி ஓடுகிறது என்றால், அப்போதுதான் இக்கட்டுரைக்கு உரிய மருந்துகள் அரங்குக்கு வருகின்றன. அவற்றின் சரித்திரம் சிறிது சுவையானது.

பயமும் கோபமும் வரும்போது சிறுநீரகத்தின் தலைமேலுள்ள சுரப்பிகளிலிருந்து வெளிப்பட்டு இருதயத்தை விரட்டும் அட்ரீனலின் என்னும் பொருளை, 1901ஆம் ஆண்டில் தூய நிலையில் பிரித்தெடுத்தவர் ஜோகிச்சி தகாமினே என்னும் ஜப்பானிய இரசாயன அறிஞர். அந்தப் பொருள் ஓர் உறுப்பில் இரத்தக் குழாயைச் சுருக்குவதும், வேறோர் உறுப்பில் விரிப்பதும், இருதயத்தை ஓட்டுவதுமாக ஒன்றுக்கொன்று முரணான காரியங்களைச் செய்வது எப்படி என்ற வினா நெடுங்காலம் விடையின்றிக் கிடந்தது. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் பணியாற்றிய ரேமண்ட் அல்குவிஸ்ட், உறுப்புகளிலே அட்ரீனலினை ஏற்கும் இடங்கள் இரு வகைப்படும் என்றும், அவற்றுக்கு ஆல்பா, பீட்டா என்று பெயரிடலாம் என்றும் 1948இல் எழுதினார். முதலில் அனுப்பிய சஞ்சிகை அக்கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது, வேறொன்று பிரசுரித்தது, அப்போதும் அதை அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்திய சிலரில் ஒருவர், ஸ்காட்லாந்தில் பிறந்து, இளமையில் மூன்று ஆண்டுகள் சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து திரும்பிய ஜேம்ஸ் பிளாக்.

பிளாக்கின் சிந்தனை எளிமையானது. நெஞ்சுவலிக்காரருடைய இருதயத்துக்குப் பிராணவாயு போதவில்லை என்றால், வாயுவை அதிகமாகக் கொண்டு சேர்க்க வழி தேடுவதைவிட, இருதயத்தின் தேவையைக் குறைத்துவிட்டால் என்ன என்று அவர் எண்ணினார். அட்ரீனலின் வந்து சேரும் பீட்டா இடங்களில், அதைப் போன்றே உருவமுடைய, ஆனால் ஒரு காரியமும் செய்யாத வேறொரு பொருளை முன்கூட்டியே அமர்த்திவிடுவதுதான் அவர் கண்ட உபாயம். படகு கட்டும் துறையிலே, ஆளில்லாத படகு ஒன்று கட்டுக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால், சரக்கோடு வரும் படகு கரையை அணைய முடியாமல் வெளியே தத்தளிக்கும் அல்லவா, பீட்டா தடுப்பு மருந்துகளின் வேலை ஏறக்குறைய அத்தகையதே. 1962இல் புரோனெத்தலோல் என்னும் முதல் மருந்தை வெளியிட்டார். அது எலிகளில் கட்டிகளை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. 1964இல் வந்த புரொப்ரனலோல் நிலைத்தது. இன்றும் கைநடுக்கத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும்கூட அதைப் பலர் விழுங்குகிறார்கள். 1988ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பிளாக்குக்கும் பங்கு கிடைத்தது.

புரொப்ரனலோலுக்கு இரு குறைகள் இருந்தன. இருதயத்திலுள்ள பீட்டா இடங்களோடு மூச்சுக் குழாய்களிலுள்ள பீட்டா இடங்களையும் அது அடைத்துவிடுவதால், தொய்வு நோயுள்ளவருக்கு மூச்சு முட்டும். பின்னர் வந்த மெட்டோபுரோலோல், அட்டெனலோல் முதலியவை பெரும்பாலும் இருதயத்தையே நாடுபவையாக அமைந்து, இந்தக் குறையை ஓரளவு தீர்த்தன. இரண்டாவது குறை அதன் ஆயுள். உடம்பிலே புகுந்த மருந்தில் பாதி அழிவதற்கே மூன்று முதல் ஆறு மணி நேரம் ஆகும். நாள்தோறும் மாத்திரை உண்பவருக்கு அது குறையன்று, நிறை. ஆனால் இரத்த அழுத்தம் ஊசலாடும் ஒரு நோயாளிக்கு நாளத்தின் வழியே அதைச் செலுத்திய பிறகு, "ஐயோ, இவர் தாங்கமாட்டார்" என்று வைத்தியர் உணர்ந்தால், செலுத்தியதைத் திரும்ப எடுக்க வழியில்லை. மணிக்கணக்காக அருகில் நின்று கைபிசைய வேண்டியதுதான்.

மருந்து செய்பவர்கள் யாவரும், தங்கள் மருந்து உடம்பில் எவ்வளவு நேரம் தங்கும், எத்தனை வேளைக்கு ஒரு தடவை கொடுத்தால் போதும் என்றே கணக்குப் பார்ப்பது வழக்கம். அந்த வழக்கத்துக்கு நேர்விரோதமாக, மிக விரைவில் அழிந்துபோகும் பீட்டா மருந்து ஒன்றைச் செய்ய வேண்டும் என்று அமெரிக்காவில் போல் எர்ஹார்ட்டும் அவருடைய சகாக்களும் முனைந்து, அந்த யோசனையை 1982இல் வெளியிட்டார்கள். மூலக்கூறின் ஓர் ஓரத்தில் எஸ்டர் என்னும் பலவீனமான இணைப்பு ஒன்றை வேண்டுமென்றே அவர்கள் வைத்தார்கள். நமது செங்குருதி அணுக்களுக்குள்ளே எஸ்டர் இணைப்புகளை வெட்டும் நொதி ஒன்று ஓயாமல் தொழில் செய்துகொண்டிருக்கிறது. மருந்து இரத்தத்தில் கலந்த கணத்திலிருந்தே அது வெட்டத் தொடங்கிவிடும். வெட்டுண்ட பிறகு எஞ்சும் துண்டு, மூல மருந்தின் வலிமையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாதது. இவ்வாறு பிறந்த எஸ்மொலொல் 1986ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்றது. அதன் பாதி ஆயுள் சுமார் ஒன்பது நிமிஷம். பம்பை நிறுத்திய ஒன்பதாம் நிமிஷத்தில் பாதி, பதினெட்டில் கால், இருபத்தேழில் அரைக்கால். அரைமணிக்குள் அதன் பிடி பெரும்பாலும் தளர்ந்துவிடும். கல்லீரலோ சிறுநீரகமோ பழுதுபட்டிருந்தாலும் இந்த வெட்டுதல் தடைப்படுவதில்லை என்பது, பதவி சிறீபுர போன்று சிறுநீரக நோய் மலிந்த பகுதிகளைத் தன் எல்லைக்குள் உடைய ஒரு மாவட்டத்துக்கு அற்பமான விஷயமன்று.

அதைப் பிரயோகிக்கும் முறையைச் சற்று அருகிருந்து பார்ப்போம். அறுபது கிலோ எடையுள்ள நோயாளி ஒருவர்; கையில் கனியூலா; மார்பில் ஈ.சி.ஜி. கம்பிகள், மேற்கையில் தானாகவே இறுகித் தளரும் இரத்த அழுத்தப் பட்டி. முதலில் முப்பது மில்லிகிராம் மருந்து ஒரு நிமிஷ அவகாசத்தில் ஏற்றப்படுகிறது. பிறகு, சிரிஞ்ச் பம்ப் என்னும் சிறு இயந்திரம் நிமிஷத்துக்கு மூன்று மில்லிகிராம் வீதம் தள்ளிக்கொண்டிருக்கும். கட்டிலருகே நிற்கும் மிஸ்ஸி சில நிமிஷத்துக்கு ஒரு முறை அழுத்தத்தைப் பார்த்துக் குறிக்கிறார். கனியூலா ஏறிய இடத்தில் எரிவோ வீக்கமோ உண்டா என்று தொட்டுப் பார்க்கிறார், ஏனெனில் நாளத்துக்கு வெளியே கசிந்தால் இம்மருந்து சதையைப் புண்ணாக்கும். வேகம் அடங்காவிட்டால் படிப்படியாக அளவைக் கூட்டுவார்கள். அழுத்தம் சரிந்தால், பம்பை நிறுத்துவார்கள். இம்மருந்தினால் அதிகம் நேரும் தீங்கு அழுத்தச் சரிவுதான். ஆனால் அதைத் தீர்க்கும் முதல் வைத்தியம், பொத்தானை அழுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பதுதான். இந்த அளவுகளை எல்லாம் இங்கே எழுதியது மருந்தின் போக்கை விளக்குவதற்கேயன்றி, யாரும் பின்பற்றுவதற்கன்று. மொனிட்டரும் பம்பும் பழகிய கையும் இல்லாத இடத்தில் இம்மருந்துக்கு இடமே இல்லை.

இங்கே ஒரு வினாவை நிறுத்திக் கேட்க வேண்டும். இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியதும் அந்த வினாவே. வேகமாக அடிக்கும் இருதயங்கள் எல்லாம் நோயுற்ற இருதயங்கள்தாமா? டெங்குக் காய்ச்சலில் இரத்த நீர் குழாய்களிலிருந்து கசியும்போதும், பிரசவத்தில் இரத்தம் பெருகும்போதும், வெயிலில் நாளெல்லாம் நின்று நீர் வற்றியபோதும், இருதயம் வேகமாக அடிப்பது தன் எஜமானைக் காப்பாற்றுவதற்காகவே. ஒவ்வொரு அடிக்கும் கிடைக்கும் இரத்தம் குறைந்துவிட்டது. அடிகளின் தொகையைக் கூட்டி அது அக்குறையை நிரப்புகிறது. அந்த வேகத்தை நோய் என்று மயங்கி மருந்தால் அடக்கினால், இருந்த ஒரே துணையையும் பறித்ததாகும். அத்தகையோருக்கு வேண்டியது நீர், இரத்தம், காய்ச்சலுக்கு மூலமான நோயின் சிகிச்சை. வேகம் நோயா, நோய்க்கு உடம்பு சொல்லும் மறுமொழியா என்று பிரித்தறிவதுதான் வைத்தியனின் முதற் கடமை, பெரும்பாலும் ஈ.சி.ஜி.யும் நோயாளியின் வரலாறும் சேர்ந்து அதைத் தெளிவாக்கிவிடும். ஆனால் எப்போதும் அன்று.

தெளிவாகாத நிலைகளில் மகா நிபுணர்களும் தடுமாறியிருக்கிறார்கள். கிருமி நஞ்சு இரத்தத்தில் பரவி அழுத்தம் வீழ்ந்த நிலையில், சிலருடைய இருதயம் தேவைக்கு மீறி ஓடி ஓய்ந்துபோகிறது என்ற கருத்தில், ரோமாபுரியில் மொரெல்லியும் அவரது கூட்டத்தாரும் எஸ்மொலொல் கொடுத்துப் பார்த்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆராய்ச்சியில், இம்மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐம்பது பேரும், பெறாதவர்களில் எண்பது பேரும் இருபத்தெட்டு நாட்களுக்குள் இறந்தார்கள். உலகம் வியந்தது. பத்தாண்டுகள் கழித்து, 2023இல், பிரித்தானியாவில் இதே வகையைச் சேர்ந்த வேறொரு மருந்தைக் கொண்டு நடத்திய சோதனை, நூற்றிருபத்தாறு பேரோடு இடைநடுவில் நிறுத்தப்பட்டது. மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு முப்பத்தேழு பேரும், பெறாதவர்களில் இருபத்தைந்து பேரும் அதே காலத்துக்குள் மாண்டிருந்தார்கள். தொகை சிறியதாகையால் கெடுதல் நிச்சயம் என்று கூற இயலாவிட்டாலும், நன்மை இல்லை என்பது தெளிவாயிற்று. முதல் ஆராய்ச்சியைப் படித்த உற்சாகத்தில் வழக்கத்தை மாற்றாமல் காத்திருந்த வைத்தியர்களை நான் பாராட்டுகிறேன்.

இலங்கைக்கு நெருக்கமான உதாரணம் ஏற்புவலி. டெட்டனஸ் கிருமியின் நஞ்சு தசைகளை வில்லாக வளைப்பதை யாவரும் அறிவர். அதைவிடக் கொடிய அவஸ்தை ஒன்று உள்ளே நடக்கிறது. அட்ரீனலினும் அதன் இனப் பொருள்களும் கட்டுக்கடங்காமல் பெருகி, நாடியும் இரத்த அழுத்தமும் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே உச்சிக்கு ஏறுவதும் அதலபாதாளத்துக்கு இறங்குவதுமாக ஆடும். முன்னாளில், உச்சிக்கு ஏறியபோது புரொப்ரனலோல் கொடுத்த நோயாளிகளில் சிலர், இறங்கும் முறை வந்தபோது இருதயம் நின்று திடீரென மாண்டார்கள். மருந்தின் பிடி மட்டும் நீங்கவில்லை. இத்தகைய ஊசலாட்டத்துக்கு ஒன்பது நிமிஷ ஆயுளுள்ள மருந்தே பொருத்தம் என்று பின்னர் எஸ்மொலொலைக் கையாண்டவர்கள் உண்டு. ஆனால் நமது நாட்டு மயக்க மருந்து நிபுணர்களாகிய அத்திகல, ரொட்ரிகோ என்னும் இருவர், வேறு வழியே சென்றார்கள். மிக மலிவான மக்னீசியம் சல்பேற் என்னும் உப்பை நாளத்தில் தொடர்ச்சியாக ஏற்றினால், தசை இழுப்பும் தணியும், அட்ரீனலின் பெருக்கமும் அடங்கும், செயற்கைச் சுவாசம் இன்றியே பலரைக் காப்பாற்றலாம் என்று 1997இலும், நாற்பது நோயாளிகளின் அனுபவத்தோடு 2002இலும் அவர்கள் எழுதினார்கள். பிறகு வியட்நாமில் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோரிடம் நடத்திய சோதனை, செயற்கைச் சுவாசத்தின் தேவையை மக்னீசியம் குறைக்கவில்லை என்றும், ஆனால் இருதயத்தை அடக்கும் பிற மருந்துகளின் தேவையை வெகுவாகக் குறைத்தது என்றும் 2006இல் காட்டிற்று. புதிய மருந்துக்கு ஏங்கிக்கொண்டிராமல், கையிலுள்ளதைக் கூர்மையாக்கிய அந்த இருவரின் பெயர் நம்மவருக்குள் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

எஸ்மொலொலுக்குப் பின்னர் அதைவிடவும் அற்பாயுள் கொண்ட லண்டியோலோல் பிறந்தது ஜப்பானில். 2002இல் அங்கே வழக்குக்கு வந்த அதன் பாதி ஆயுள் நான்கே நிமிஷம். மூச்சுக் குழாயை விட்டு இருதயத்தையே நாடும் குணமும் எஸ்மொலொலைவிடப் பன்மடங்கு அதிகம். இரத்த அழுத்தத்தை வீழ்த்துவதும் குறைவு. பம்பும் வலிமை குன்றிய இருதயத்தில் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் நிலையில், பழைய டிஜொக்சின் மருந்தோடு அதை ஒப்பிட்ட ஜப்பானிய ஆராய்ச்சி 2013இல் வெளியாயிற்று. இரண்டு மணி நேரத்துக்குள் வேகத்தை வேண்டிய அளவு குறைப்பதில், டிஜொக்சின் நூற்றுக்குப் பதினான்கு பேரிடமும், லண்டியோலோல் நாற்பத்தெட்டுப் பேரிடமும் வெற்றி கண்டது. அமெரிக்கா அதை அங்கீகரித்தது 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில்தான். அட்ரீனலினைப் பிரித்தவர், நடு முடிச்சைக் கண்டவர், இந்த மருந்தைச் செய்தவர்கள் யாவரும் ஜப்பானியராயிருப்பதை எண்ணும்போது, 1942 ஏப்ரல் 9ஆந் திகதி அதே நாட்டு விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின்மேல் குண்டு பொழிந்த கதையைத் தாத்தாமார் சொல்லக் கேட்ட இவ்வூர்க்காரர்களுக்குச் சற்று விசித்திரமாகத்தான் இருக்கும்.

இம்மருந்துகள் கூடாத இடங்களையும் சொல்லிவிட வேண்டும். இருதயம் ஏற்கெனவே மந்தமாக அடிப்பவர், மின்பாதையில் தடை உள்ளவர், இருதயம் இளைத்து நுரையீரலில் நீர் கோத்தவர், வெரபமில் என்னும் ஊசியைச் சற்று முன்னர்தான் பெற்றவர், கடுந்தொய்வுக்காரர் ஆகியோருக்கு எஸ்மொலொலைத் தவிர்ப்பார்கள் அல்லது மிகுந்த தயக்கத்தோடு கொடுப்பார்கள். 1930இல் வூல்ப், பார்கின்சன், வைட் என்னும் மூவர் விவரித்த பிறவிக் குறையொன்றில், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ஒரு கள்ளப் பாதை இருக்கும். அக்குறையுள்ளவர்களுக்கு மேலறைத் துடிப்பு தாறுமாறாகும்போது நடு முடிச்சை அடைத்தால், துடிப்பு முழுவதும் கள்ளப் பாதையால் பாய்ந்து உயிருக்கே உலை வைக்கும். அழுத்தம் வீழ்ந்து, நினைவு மங்கி, நெஞ்சு நோகும் நோயாளிக்கோ மருந்தைத் தேடிக்கொண்டிராமல் மின் அதிர்ச்சி கொடுப்பதே முறை. மறுபுறம், பெருநாடியின் சுவர் கிழிந்தவர், தைராய்ட் சுரப்பி பொங்கி எழுந்தவர், சத்திர சிகிச்சை மேசையிலே திடீரென வேகம் கூடியவர் ஆகியோருக்கு இதைப் போன்ற துணை வேறில்லை.

விலை ஒரு பெருந்தடை. நூறு மில்லிகிராம் கொண்ட பத்து மில்லிலீட்டர் குப்பி ஒன்று, மேற்சொன்ன மிகக் குறைந்த அளவிலேயே முப்பத்துமூன்று நிமிஷத்தில் தீர்ந்துவிடும். உச்ச அளவில் மணிக்கு ஏழு குப்பிக்கு மேல் வேண்டும். எந்த மருந்தை அரசு வாங்க வேண்டும், எதை வாங்க வேண்டியதில்லை என்று பகுத்தறியும் கலையைப் பேராசிரியர் சேனக பிபிலே இந்நாட்டுக்குக் கற்பித்து, அவர் முயற்சியால் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் 1971இல் தோன்றியது. அக்கலையின் அருமையை 2022ஆம் ஆண்டின் மருந்துத் தட்டுப்பாட்டில் நாம் மறுபடியும் உணர்ந்தோம். சிரிஞ்ச் ஊதுதலும், அடினோசினும், விலை குறைந்த வெரபமிலும் மெட்டோபுரோலோலும் பெரும்பாலான நோயாளிகளுக்குப் போதும் என்பதே என் அபிப்பிராயம். எஸ்மொலொல் யாருக்கு வேண்டுமென்றால், மருந்தைத் தாங்குவாரா மாட்டாரா என்று வைத்தியரால் முன்கூட்டிச் சொல்ல முடியாத அந்தச் சிலருக்கு. பத்து நிமிஷம் கொடுத்துப் பார்த்து, ஆகாதென்றால் விட்டுவிடும் வசதி அவர்களுக்குத்தான் உயிர். அச்சிலருக்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவின் குளிர்ப்பெட்டியருகே சில குப்பிகள் இருப்பது ஆடம்பரம் ஆகாது.

கிணற்றடியில் நெஞ்சு படபடத்த அந்தப் பெண்மணியைப் போன்றவர்களுக்கு, வேகம் அடங்கியபின் இரண்டு காரியங்கள் உண்டு. வேகமாக அடித்தபோது எடுத்த ஈ.சி.ஜி. காகிதத்தின் பிரதியொன்றைக் கேட்டு வாங்கி, கிளினிக் கொப்பிக்குள் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். இருதயம் நிதானமாக இருக்கும்போது எடுக்கும் காகிதத்தில் பல சமயம் ஒன்றுமே தெரியாது. வைத்தியர் பீட்டா மாத்திரை எழுதித் தந்திருந்தால், சுகமாகிவிட்டது என்று தாமாக ஒரே நாளில் நிறுத்தலாகாது. அடக்கி வைத்த வேகம் முன்னையினும் மூர்க்கமாகத் திரும்பக்கூடும். ஊசிகளும் மாத்திரைகளும் அந்தச் சுழலை அவ்வப்போது அறுப்பவையேயன்றி, இரட்டைப் பாதையை அகற்றுபவை அல்ல. தொடையின் நாளம் வழியே மெல்லிய கம்பியை இருதயம் வரை செலுத்தி, மந்தப் பாதை இருக்கும் இடத்தைச் சூட்டினால் பொசுக்கிவிடும் சிகிச்சை நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு இந்த நோயை நிரந்தரமாகத் தீர்க்கிறது. அடிக்கடி இவ்வாறு அவதிப்படுபவர்கள், கொழும்புத் தேசிய வைத்தியசாலைக்குக் கடிதம் தருமாறு தமது இருதய வைத்தியரிடம் கேட்கலாம்.